கண்ணாடித் தகடும் தாத்தாவின் கதையும்: ஆரம்பகால அமெரிக்கக் கார் தொழிற்சாலைப் படங்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெட்ராய்ட் புறநகர்களில் வயதானவர்கள் இறந்தபின் அவர்களுடைய வீட்டுச் சாமான்களை அந்த வீட்டிலேயே விலை ஒட்டி வைத்து இரண்டு மூன்று நாள் விற்பார்கள். நான் அங்கே நாற்காலி வாங்கப் போய்ப் பழைய தொழிற்சாலைப் படங்களோடு திரும்பியவன். அந்தப் பழக்கம் தெரிந்த நண்பர்களும், அவர்கள் சொல்லிக் கேள்விப்பட்டவர்களும், பக்கத்து வீட்டு அமெரிக்கர்களும் பல வருடங்களாக ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் புதிதாகப் பதில் எழுதுவதைவிட எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன்.

ஆரம்பகாலம் என்றால் எந்த வருடங்கள்? டெட்ராய்ட் மட்டும்தானா?

ஏறத்தாழ 1900 முதல் 1930களின் முடிவு வரையிலான காலத்தையே இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஓல்ட்ஸ் நிறுவனத்தின் டெட்ராய்ட் தொழிற்சாலை 1901 மார்ச்சில் எரிந்தது. ஃபோர்டு மோட்டார் நிறுவனம் 1903 ஜூனில் பதிவானது. ஃபிளின்ட் நகரத் தொழிலாளர்களின் உள்ளிருப்பு வேலைநிறுத்தம் 1937 பிப்ரவரியில் முடிந்தது. மக்கள் கொண்டுவந்து காட்டும் படங்களில் பெரும்பாலானவை இந்த எல்லைக்குள் அடங்கிவிடும்.

டெட்ராய்ட்தான் மையம் என்றாலும் லான்சிங், ஃபிளின்ட், இந்தியானாவின் சவுத் பெண்ட், ஒஹாயோவின் கிளீவ்லாந்து ஆகிய ஊர்களிலும் கார்கள் தயாராயின. சவுத் பெண்டின் ஸ்டூடிபேக்கர் 1852-லேயே குதிரை வண்டி செய்யத் தொடங்கிய குடும்பம். அதனால் அந்த ஊர்ப் படங்களில் மரச்சக்கரம் தெரிந்தால் அது காரா வண்டியா என்று ஒன்றுக்கு இரண்டு முறை பார்க்க வேண்டும்.

இந்தப் படங்களையெல்லாம் யார் எடுத்தார்கள்? தொழிலாளிகளிடம் அந்தக் காலத்தில் கேமரா இருந்ததா?

மலிவான பெட்டிக் கேமராக்கள் இருந்தன. ஆனால் அவை பெரும்பாலும் வீட்டு வாசலிலும் ஞாயிற்றுக்கிழமைப் பூங்காவிலும்தான் இயங்கின. தொழிற்சாலையின் உள்ளே எடுத்தவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, நிறுவனமே சம்பளம் கொடுத்து வைத்திருந்த புகைப்படக்காரர்கள் எடுத்தவை. ஃபோர்டு 1914-ல் திரைப்படப் பிரிவையே தனியாகத் தொடங்கிவிட்டது. அந்தப் படச்சுருள்கள் 1963-ல் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்துக்குக் கொடுக்கப்பட்டன. இரண்டாவது, வணிகப் பதிப்பாளர்கள் எடுத்தவை. டெட்ராய்ட் பப்ளிஷிங் கம்பெனி அஞ்சலட்டைகளுக்காக எடுத்த கண்ணாடி நெகட்டிவ்களில் சுமார் 25,000 இப்போது வாஷிங்டனிலுள்ள காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன. காடிலாக்குக்கு இன்ஜின் செய்துகொடுத்த லேலண்ட் அண்ட் ஃபால்கனர் பட்டறையின் உட்புறப் படங்களும் அவற்றில் உண்டு. மூன்றாவது, உள்ளூர் ஸ்டூடியோக்காரர் வாசலில் வந்து நின்று, ஒரு பிரிவின் ஆட்களை வரிசையாக நிறுத்தி எடுத்து, பிரதிக்கு இவ்வளவு என்று அவர்களிடமே விற்ற குழுப் படங்கள்.

குடும்பப் பெட்டிகளில் கிடைப்பவை அநேகமாக மூன்றாவது வகை. இணையத்தில் சுற்றுபவை அநேகமாக முதல் வகை. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பல சந்தேகங்கள் பாதி தீர்ந்துவிடும்.

எல்லாப் படத்திலும் ஆட்கள் சிலை மாதிரி நிற்கிறார்களே. உண்மையிலேயே வேலை நடந்துகொண்டிருந்ததா, இல்லை நடிப்பா?

கொஞ்சம் நடிப்புதான். அக்காலக் கண்ணாடித் தகடுகளின் உணர்திறன் குறைவு. ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு கூடத்தின் உட்புறம் பதிய வேண்டுமானால் லென்ஸைச் சில விநாடிகள், மங்கலான நாளில் அதைவிட அதிகமாகவும், திறந்து வைத்திருக்க வேண்டும். அதற்குள் கையை ஆட்டியவரின் கை புகைபோல் கலைந்துவிடும். எனவே மேஸ்திரி குரல் கொடுக்க, எல்லோரும் ஸ்பேனரைப் போல்ட்டின் மேல் வைத்தபடி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மக்னீசியப் பொடியைக் கொளுத்தி வெளிச்சம் உண்டாக்கும் முறையும் இருந்தது. அப்படி எடுத்த படங்களில் முன்வரிசை முகங்கள் வெளுத்தும் பின்னணி இருண்டும் இருக்கும்.

இயந்திரங்கள் ஓடினவா என்பதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கூரையையொட்டிச் சுழலும் நீண்ட தண்டிலிருந்து ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தோல் பெல்ட் இறங்கியிருக்கும். பெல்ட்டின் தையல் அல்லது இணைப்புக் கொக்கி தெளிவாகத் தெரிந்தால் பட்டறையை நிறுத்திவிட்டுப் படம் எடுத்திருக்கிறார்கள். பெல்ட் வழவழவென்று ஒரே பட்டையாகத் தெரிந்தால் அது ஓடிக்கொண்டிருந்திருக்கலாம்.

"உலகின் முதல் அசெம்பிளி லைன்" என்று ஒரு படம் வாட்ஸ்அப்பில் வருகிறது. அது நிஜமா?

அந்தத் தலைப்போடு வரும் படங்கள் குறைந்தது மூன்று. அதிகமாக வருவது, இடுப்பு உயர மேடையின் ஓரமாக ஆட்கள் வரிசையாக நின்று ஃபிளைவீல்களின் மேல் குனிந்திருக்கும் படம். அது ஹைலண்ட் பார்க்கிலிருந்த ஃபோர்டு தொழிற்சாலையில் மாக்னெட்டோ, அதாவது இன்ஜினின் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் கருவி, பொருத்தும் பிரிவு. 1913 ஏப்ரலில் நகரும் வரிசை முறை முதலில் சோதிக்கப்பட்டது அந்தப் பிரிவில்தான். ஒரே ஆள் ஒரு மாக்னெட்டோவை முழுதாகப் பொருத்த 20 நிமிடம் ஆனது. அந்த வேலையை 29 பேருக்குப் பங்கிட்டபோது 13 நிமிடம் 10 விநாடியாயிற்று. மேடையின் உயரத்தைக் கூட்டி, பின்னர் சங்கிலியால் இழுக்கத் தொடங்கியபோது 5 நிமிடமாகக் குறைந்தது. ஆக, அந்தப் படத்தில் கார் ஏதும் இல்லை என்று குறைபட வேண்டியதில்லை.

இரண்டாவது, கட்டடத்துக்கு வெளியே மரச் சரிவின் வழியாகக் கார் உடல் கீழே இறங்கி, அடியில் வந்து நிற்கும் சேஸியின் (உடல் ஏறாத, சக்கரமும் இன்ஜினும் பொருத்திய அடிச்சட்டம்) மேல் உட்காரும் படம். அது வரிசையின் கடைசிக் கட்டம். அதை "முதல்" என்று சொல்வது பொருந்தாது. மூன்றாவது, ஃபோர்டே அல்லாத வேறு ஏதோ தொழிற்சாலை. அங்கே கார்கள் மர முக்காலிகளின் மேல் அசையாமல் நிற்கும், ஆட்கள்தான் காருக்குக் கார் போவார்கள். 1913-க்கு முன் ஃபோர்டிலும் வேலை அப்படித்தான் நடந்தது.

முழுச் சேஸிக்கு நகரும் வரிசை 1913 அக்டோபரில் வந்தது. ஒரு சேஸிக்குப் பன்னிரண்டரை மணி நேரம் ஆனது, 1914 வசந்தத்துக்குள் 93 நிமிடமாகச் சுருங்கியது. வேலையைப் படிப்படியாகப் பங்கிட்டு வரிசையாகச் செய்யும் யோசனை ஓல்ட்ஸ் தொழிற்சாலையிலேயே இருந்தது என்பதால், "உலகின் முதல்" என்ற பட்டத்தை "நகரும்" என்ற சொல்லோடு சேர்த்தே கொடுக்க வேண்டும்.

ஆயிரம் கார் ஒரே இடத்தில் நிற்கும் படம், அதுவும் நிஜமா? எண்ணிப் பார்க்கவே முடியவில்லை.

1913 ஆகஸ்டில் ஹைலண்ட் பார்க் கட்டடத்துக்கு வெளியே எடுத்த படம் அது. நிற்பவை கார்கள் இல்லை, உடல் ஏற்றப்படாத சேஸிகள். ஒரு நாள் உற்பத்தி என்ற அறிவிப்போடு விளம்பரத்துக்காக வெளியிட்டார்கள். தேதியைக் கவனியுங்கள்: சேஸிக்கான நகரும் வரிசை அப்போது தொடங்கவே இல்லை. இவ்வளவு வண்டிகளும் பழைய முறையில் தயாரானவை என்பதுதான் அந்தப் படத்தில் என்னை வியக்க வைப்பது.

என்னிடம் ஒரு படம் இருக்கிறது. தேதி இல்லை, ஊர் இல்லை. எங்கே தொடங்குவது?

முதலில் திருப்பிப் பாருங்கள். படம் அஞ்சலட்டைத் தாளில் அச்சாகியிருந்தால், தபால்தலை ஒட்டும் கட்டத்தைச் சுற்றி 'அஸோ' என்ற தாள் பெயரும் நான்கு முக்கோணங்களும் இருக்கக்கூடும். நான்கு முக்கோணமும் மேல்நோக்கி இருந்தால் பொதுவாக 1904 முதல் 1918 வரை; இரண்டு மேலும் இரண்டு கீழுமாக இருந்தால் 1918-க்குப் பின், 1930 வரை. பின்பக்கம் செய்திக்கும் முகவரிக்கும் நடுக்கோடு போட்டுப் பிரிக்கப்பட்டிருந்தால் 1907 மார்ச்சுக்குப் பிந்தியது. தாள் பழையதாக இருந்து தாமதமாகவும் அச்சிட்டிருக்கலாம் என்பதால் இது மேல்வரம்பைவிடக் கீழ்வரம்புக்கே நம்பகமான சாட்சி.

அடுத்து, படத்தில் கார் தெரிந்தால் அதன் முகத்தைப் பாருங்கள். ஃபோர்டின் மாடல் டி காரில் பித்தளை ரேடியேட்டர் 1916 மாடலோடு நின்றது. 1917 மாடலிலிருந்து கறுப்பு வண்ண உறை. மின்சார முகப்பு விளக்கு 1915 மாடலில் வந்தது. அதற்கு முன் கார்பைடு வாயு விளக்குகள். ஸ்டியரிங் எந்தப் பக்கம் என்பதையும் பாருங்கள். அமெரிக்க மாடல் டி-யில் அது இடப்பக்கம். வலப்பக்கம் இருந்தால், ஆற்றுக்கு அக்கரையில் கனடாவின் வாக்கர்வில்லில் தயாரான வண்டியாக இருக்க வாய்ப்பு அதிகம். இந்தியா உள்ளிட்ட பிரிட்டிஷ் பேரரசு நாடுகளுக்கு விற்கும் உரிமை கனடா ஃபோர்டிடம் இருந்தது. நம் ஊர்ப் பழைய ஆல்பங்களில் தெரியும் ஃபோர்டுகளை "டெட்ராய்ட் வண்டி" என்று எழுதுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். நான் வாங்கிய அட்டை ஒன்றில் பத்தொன்பது பேர் செங்கல் சுவரோரம் மூன்று வரிசையாக இருக்கிறார்கள். நடு வரிசையில் ஒருவர் மடியில் கார்புரேட்டரைக் குழந்தையைப் போல் ஏந்தியிருக்கிறார். கடைக்கோடியில் நிற்கும் பையனின் ஏப்ரன் அவன் அளவுக்குத் தைத்ததல்ல, இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டியிருக்கிறான். நான்கு முக்கோணமும் மேல்நோக்கியவை, நடுக்கோடு உண்டு. ஆகவே ஏறத்தாழ 1907-க்கும் 1918-க்கும் இடையே. பின்பக்கம் பென்சிலில் போலிஷ் மொழியில் ஒரு வரி: "இடமிருந்து நான்காவது நான்." எந்த வரிசையில் என்று எழுதவில்லை.

படத்தின் மூலையில் வெள்ளையாக ஓர் எண் இருக்கிறது. அது வருடமா?

பெரும்பாலும் இல்லை. நெகட்டிவின் ஓரத்தில் மையால் எழுதியது பிரிண்டில் வெள்ளையாக வரும். நிறுவனப் புகைப்படப் பிரிவுகள் ஒவ்வொரு தகட்டுக்கும் இப்படி வரிசை எண் இட்டன. அந்த எண்ணை வெட்டிவிட்டு ஃபிரேம் போடாதீர்கள். டியர்போர்னிலுள்ள பென்சன் ஃபோர்டு ஆய்வு மையம் போன்ற இடங்களில் விசாரிக்கும்போது கையில் இருக்கும் ஒரே பிடிமானம் அதுவாக இருக்கலாம்.

"எங்கள் கொள்ளுத்தாத்தா ஃபோர்டில் வேலை பார்த்தார்" என்கிறார்கள் பக்கத்து வீட்டில். எப்படி உறுதிப்படுத்துவது?

டெட்ராய்ட் பேச்சில் "ஃபோர்டில்" என்பது கிட்டத்தட்ட "கார் வேலையில்" என்பதற்குச் சமமாக இருந்த காலம் உண்டு. மாடல் டி-யின் பாகங்களில் பெரும்பகுதியை முதலில் செய்துகொடுத்தது டாட்ஜ் சகோதரர்களின் தொழிற்சாலை. உடல் கட்டியவர்கள் வேறு. சக்கரம் செய்தவர்கள் வேறு. ஹாம்ட்ராமிக்கில் டாட்ஜ் தொழிற்சாலைக்கு நடந்து போய் வந்த போலந்துக்காரரின் பேரன், தாத்தா ஃபோர்டுக்காரர் என்று மனதாரச் சொல்லக்கூடும். அவர் பொய் சொல்வதில்லை.

எழுத்துச் சான்றுகளில் நான் முதலில் தேடச் சொல்வது 1917, 1918-ஆம் ஆண்டுகளின் கட்டாய ராணுவப் பதிவு அட்டை. ஏறக்குறைய 2.4 கோடி ஆண்களுக்கு அது இருக்கிறது. வேலை கொடுத்தவரின் பெயரும் வேலையிடமும் எழுதப்பட்டிருக்கும், கீழே அவரது கையெழுத்தோ கைநாட்டோ இருக்கும். மக்கள்தொகைக் கணக்கேட்டில் தொழிலும் துறையும்தான் கிடைக்கும், "ஆட்டோ தொழிற்சாலை" என்பதோடு நின்றுவிடும். கணக்கெடுத்து 72 ஆண்டுக்குப் பின்னரே வெளியிடும் விதிப்படி 1950 வரையிலானவை இப்போது திறந்திருக்கின்றன. ஊர்க்காரர்களின் பெயர், முகவரி, தொழிலைப் பட்டியலிட்ட போல்க் நிறுவனத்தின் நகர டைரக்டரிகளும் உதவும். பெயர் கிடைக்கவில்லை என்றால் எழுத்தைச் சந்தேகியுங்கள். 1914 இறுதியில் ஃபோர்டு எடுத்த கணக்கின்படி தொழிலாளிகளில் 71 சதவீதம் பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். சம்பள எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய பெயரே பலருக்கு நிலைத்துவிட்டது.

நாளுக்கு ஐந்து டாலர் சம்பளம் என்று எல்லாக் குடும்பமும் சொல்கிறதே. எல்லோருக்கும் கிடைத்ததா?

1914 ஜனவரி 5 அன்று அறிவித்தார்கள்; ஒன்பது மணி நேர வேலை எட்டாகவும் குறைந்தது. ஆனால் ஐந்து டாலர் முழுவதும் கூலி அல்ல. அடிப்படைக் கூலி 2.34 டாலர் அளவில் இருந்தது. மிச்சம் "லாபப் பங்கு". அதைப் பெற ஆறு மாதம் வேலை பார்த்திருக்க வேண்டும், பொதுவாக 22 வயது ஆகியிருக்க வேண்டும், வாழ்க்கையும் "ஒழுங்காக" இருக்க வேண்டும். ஒழுங்கைச் சோதிக்கச் சமூகவியல் துறை என்ற ஒன்று ஆட்களை வீட்டுக்கே அனுப்பியது. சேமிப்புப் புத்தகம், குடிப்பழக்கம், வீட்டின் சுத்தம், வாடகைக்கு ஆள் தங்குகிறார்களா என்று எல்லாம் விசாரித்தார்கள். பெண்களுக்கு ஆரம்பத்தில் அந்தப் பங்கு கிடையாது.

இவ்வளவு தாராளம் ஏன் என்பதற்கும் காரணம் உண்டு. வரிசை வேலை பிடிக்காமல் ஆட்கள் ஓடிக்கொண்டே இருந்தார்கள். சுமார் 14,000 இடங்களை நிரப்பி வைக்க 1913-ல் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வேலைக்கு எடுக்க வேண்டியிருந்தது. அறிவிப்புக்குப் பின் கூட்டம் வாசலில் குவிந்தது. ஜனவரி 12 அன்று உறைபனிக் குளிரில் அவர்கள் மேல் தீயணைப்புக் குழாயால் தண்ணீர் பாய்ச்சினார்கள். ஐந்து டாலரை நினைவில் வைத்திருக்கும் குடும்பங்களைவிட அந்தத் தண்ணீரை நினைவில் வைத்திருக்கும் குடும்பங்களை நான் அதிகம் நம்புவேன்.

படம் ஒன்று சொல்கிறது, பாட்டி வேறு சொல்கிறார். யாரை நம்புவது?

தேதிக்கும் இடத்துக்கும் படத்தை நம்புங்கள். உடம்புக்குப் பாட்டியை நம்புங்கள். குடும்ப நினைவு வருடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக மடித்துவிடும், சின்ன நிறுவனத்தைப் பெரிய நிறுவனமாக்கிவிடும். ஆனால் வேலை முடிந்து வந்தவரின் கை எப்படி இருந்தது, இரவுச் சாப்பாட்டின்போது அவர் ஏன் பேசவில்லை என்பதையெல்லாம் நிறுவனத்தின் தகடு பதிவு செய்ததே இல்லை. படம் எடுக்கும் நாளில் தரை கூட்டப்பட்டிருக்கும், சட்டைகூட வெளுத்திருக்கும்.

ஃபோர்டு தொழிற்சாலையில் வேலை நேரத்தில் பேசுவதும் உட்காருவதும் சீட்டியடிப்பதும் கண்டிக்கப்பட்டன. உதடு அசையாமல், வாயின் ஒரு மூலையால் பக்கத்து ஆளோடு பேசுவதற்குத் தொழிலாளிகள் பழகிக்கொண்டார்கள். அதற்கு "ஃபோர்டு கிசுகிசு" என்றே பெயர். இங்கே ஒரு மூதாட்டி தன் அப்பாவைப் பற்றிச் சொல்லும்போது, "சர்ச்சில்கூட அவர் முகம் அசையாமல்தான் பேசுவார்" என்றார். மேலே மூன்றாவது கேள்வியில் சொன்ன சிலை முகங்களை அதன்பின் பார்த்தபோது, நீண்ட எக்ஸ்போஷர் ஒன்றையே காரணமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கறுப்பினத்தவர்களையும் பெண்களையும் படங்களில் காணவே முடியவில்லையே?

எங்கே தேடுகிறோம் என்பதைப் பொறுத்தது. பெண்கள் இருக்கை உறை தைக்கும் பிரிவிலும் கம்பிச் சுருள் சுற்றும் பிரிவிலும் கிடைப்பார்கள். கறுப்பினத் தொழிலாளிகளை மற்ற நிறுவனங்களைவிட அதிகமாக வேலைக்கு எடுத்தது ஃபோர்டுதான். 1920களின் நடுவில் சுமார் பத்தாயிரம் பேர் இருந்தார்கள். ஆனால் அவர்களில் மிகப் பலரை நிறுத்தியது டியர்போர்னிலுள்ள ஃபோர்டின் ரூஜ் தொழிற்சாலையின் ஃபவுண்டரியில் (வார்ப்படப் பட்டறை), உருகிய இரும்புக்குப் பக்கத்தில். விளம்பரப் படத்துக்குத் தேர்ந்தெடுத்தது பளபளப்பான கடைசிக் கட்டத்தை. புகைப்படக் கலைஞர் சார்லஸ் ஷீலர் 1927-ல் ரூஜில் எடுத்த புகழ்பெற்ற படங்களில் கன்வேயர்களும் புகைபோக்கிகளும் இருக்கின்றன, மனிதர்களைத் தேட வேண்டியிருக்கிறது.

இந்தியர்கள் யாராவது அங்கே வேலை பார்த்தார்களா?

ஆம், எண்ணிக்கை சிறியது. பிரிட்டிஷ் கப்பல்களில் அடுப்புக்குக் கரி தள்ளிய வங்காள முஸ்லிம் மாலுமிகள் சிலர் நியூயார்க்கில் இறங்கி மறைந்து, டெட்ராய்ட் உள்ளிட்ட ஊர்களின் தொழிற்சாலைகளில் சேர்ந்தார்கள். அரசாங்கத் தாள்களில் அவர்களுடைய இனமும் பெயரும் ஆளுக்கொரு விதமாக எழுதப்பட்டிருப்பதால் தேடுவது கடினம்.

வேலைநிறுத்தம், அடிதடி, இதெல்லாம் கம்பெனி ஆல்பங்களில் ஏன் இல்லை?

இரண்டாவது கேள்வியின் பதிலிலேயே இதற்கும் விடை இருக்கிறது: கேமராவுக்குச் சம்பளம் கொடுத்தவர் யார் என்று பார்க்க வேண்டும். 1937 மே 26 அன்று ரூஜ் தொழிற்சாலையின் நடைமேம்பாலத்தில் துண்டறிக்கை கொடுக்க வந்த கார் தொழிலாளர் சங்கத் தலைவர்களில் ஒருவரான வால்டர் ரூதரையும் தோழர்களையும் ஃபோர்டின் காவல் ஆட்கள் அடித்தார்கள். அங்கிருந்த பத்திரிகைக்காரர்களின் தகடுகளையும் பறித்தார்கள். டெட்ராய்ட் நியூஸ் புகைப்படக்காரர் ஜேம்ஸ் கில்பாட்ரிக், எடுத்த தகடுகளைக் காரின் பின் இருக்கைக்கு அடியில் ஒளித்துவிட்டு வெற்றுத் தகடுகளை நீட்டினார். அந்தப் படங்கள் நாடெங்கும் வெளிவந்தன. அதே பத்திரிகையின் மில்டன் ப்ரூக்ஸ் 1941 ஃபோர்டு வேலைநிறுத்தத்தில் எடுத்த படத்துக்கு, புகைப்படத்துக்கான முதல் புலிட்சர் பரிசு 1942-ல் கிடைத்தது. தொழிற்சங்கத் தரப்புப் படங்களுக்கு வெய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் வால்டர் ரூதர் நூலகத்தைப் பாருங்கள்.

படத்தில் உள்ள கட்டடங்களை இன்று போய்ப் பார்க்கலாமா?

மாடல் டி பிறந்த பிக்கெட் அவென்யூ கட்டடம் அருங்காட்சியகமாக இருக்கிறது. மரத்தளம் இன்னும் எண்ணெய்க் கறையோடு காணக் கிடைக்கும். ஹைலண்ட் பார்க்கின் ஒரு பகுதி நிற்கிறது. டாட்ஜ் தொழிற்சாலையை 1981-ல் இடித்துவிட்டார்கள்.

கறுப்பு வெள்ளைப் படத்தைக் கணினியில் வண்ணமாக்கித் தாத்தாவின் பிறந்தநாளுக்குக் கொடுக்கலாமா?

கொடுங்கள், ஆனால் மூலத்தை அப்படியே வைத்துக்கொண்டு, வண்ணப் பிரதியின் பின்னால் "கணினி வண்ணம்" என்று பென்சிலில் எழுதுங்கள். மாடல் டி எப்போதும் கறுப்பு என்ற எண்ணத்தில் மென்பொருள் எல்லா வண்டியையும் கறுப்பாக்கிவிடுகிறது. கறுப்பு மட்டும் என்ற நிலை 1914-லிருந்து 1925 வரைதான்; அதற்கு முன் சிவப்பு, சாம்பல், பச்சை, அடர்நீலம் இருந்தன. பழைய தகடுகளுக்குச் சிவப்பொளி தெரியாது என்பது இன்னொரு சிக்கல். சிவப்பு வண்டி அதில் கறுப்பாகவும், நீலச் சட்டை ஏறக்குறைய வெள்ளையாகவும் பதியும். மேலே "வெளுத்த சட்டை" என்று நான் எழுதியதில் எத்தனை உண்மையில் நீலச் சட்டைகளோ!

பழைய நெகட்டிவ் சுருள் கிடைத்தது, ஒரு மாதிரி வாடை அடிக்கிறது. என்ன செய்வது?

வெயில் படும் அறையிலோ அடுப்புப் பக்கத்திலோ வைக்காதீர்கள். அக்காலச் சுருள்களில் பல செல்லுலோஸ் நைட்ரேட்டால் ஆனவை. எளிதில் தீப்பிடிக்கும், சிதையும்போது காட்டமான வாடை வரும். ஓரத்தில் "சேஃப்டி" என்று அச்சாகியிருந்தால் அந்த அபாயம் இல்லை. நைட்ரேட் என்று சந்தேகப்பட்டால் வீட்டிலே ஸ்கேன் செய்ய முயலாமல் அருகிலுள்ள ஆவணக் காப்பகத்திடம் கேளுங்கள். கண்ணாடித் தகடுகளைப் படுக்க வைத்து அடுக்காமல், ஒவ்வொன்றையும் தாள் உறையிலிட்டு நீளப் பக்கத்தில் நிறுத்தி வையுங்கள்.

ஆட்களின் பெயர் தெரியாத குழுப் படத்தை வைத்துக்கொண்டு என்ன பயன்?

பெயர் பின்னால் வந்து சேர்வதும் உண்டு. ஆறாவது பதிலில் சொன்ன அட்டையைப் பெரிதாக ஸ்கேன் செய்தபோது, முன் வரிசையில் இடமிருந்து நான்காவது ஆளின் மார்பில் ஒரு வட்ட உலோக பேட்ஜ் தெரிந்தது. எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களைப் படிக்க முடிகிறது, மற்றவற்றைக் கோட்டின் மடிப்பு மறைக்கிறது. நடு வரிசையின் நான்காவது ஆள்தான் அந்தக் கார்புரேட்டர்காரர். பென்சில் வரியை எழுதியவர் இவர்களில் யார் என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். அட்டையை விற்ற வீட்டில் போலிஷ் படிக்கத் தெரிந்தவர்கள் யாரும் மிச்சமில்லை.